மட்டிகளுக்கு எல்லைக்கோடு போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எழுதிவிடுகிறேன். மினசோட்டாவில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஸ்டில்வாட்டர் ஊரிலிருந்து செயின்ட் க்ராய் ஆற்றில் படகேறி வடக்கே போயிருக்கிறீர்கள். ஆர்கோலா மணல்திட்டுக்கு அருகில் அதற்கு மேல் படகு போகக் கூடாது என்று திருப்பிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, ஆற்றுக்குச் சொந்தமான மட்டிகளைக் காப்பாற்றுவதற்காக என்று பதில் வந்தது. ஓட்டுக்குள் கிடக்கும் ஒரு பிராணிக்காகப் போக்குவரத்தையே நிறுத்துவது மிகை அல்லவா என்பது உங்கள் முதல் கேள்வி. இடத்தைவிட்டு நகராத உயிர்தானே, அது இருக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்ததல்லவா என்பது இரண்டாவது. நம் ஊர் ஆறுகளிலும் இப்படிச் செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், மிகை இல்லை. இரண்டாவது கேள்விக்கு, வேலை அங்கே முடிவதில்லை. முதலாவதைவிட இரண்டாவதில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது.

நான் நன்னீர் உயிரியல் படித்தவன். அமெரிக்காவின் மத்திய மேற்கு ஆறுகளில் மட்டிக் கணக்கெடுப்புக் குழுக்களோடு பல கோடைகள் தண்ணீருக்குள் கழித்திருக்கிறேன். மட்டிகளின் வாழ்க்கை, ஆற்றுப் படுகை, அணைகள் ஆகியவை பற்றி எழுதுவதை என் தொழில் அறிவிலிருந்து எழுதுகிறேன். சட்டம் பற்றியும் வைரஸ் பற்றியும் எழுதும் இடங்களில் துறைக்கு வெளியே நின்று வாசித்தவனின் அறிவு மட்டுமே எனக்கு உண்டு. அந்த இடங்களைச் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள்.

நன்னீர் மட்டிகளுக்கு வட அமெரிக்காவைப் போன்ற வளமான கண்டம் வேறில்லை. அங்கே ஏறத்தாழ 300 இனங்கள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏதாவது ஒரு வகையில் ஆபத்தில் இருப்பதாகவே வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள். பறவைகளிலோ பாலூட்டிகளிலோ இந்த விகிதம் இருந்திருந்தால் நாளேடுகள் தினமும் எழுதியிருக்கும். மட்டிக்கு முகம் இல்லை, குரல் இல்லை. மணலில் முக்கால் உடல் புதைந்து, மேலே இரண்டு சிறிய துளைகள் மட்டும் தெரியும்படி கிடக்கும். ஒரு துளையால் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள பாசியையும் நுண்ணுயிர்களையும் வடித்துத் தின்றுவிட்டு, மறு துளையால் வெளியேற்றும். வளர்ந்த பெரிய மட்டி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் நாற்பது லிட்டர் வரை வடிகட்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. இனம், வெப்பநிலை, தண்ணீரின் கலங்கல் ஆகியவற்றைப் பொறுத்து இது மிகவும் மாறும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் மட்டிகள் கிடக்கும் ஒரு திட்டு அந்த ஆற்றுக்கு என்ன வேலை செய்கிறது என்பதை ஊகிக்க அது போதும்.

நகராத உயிர் என்றீர்கள். வளர்ந்த மட்டியைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரி. ஆனால் அதன் வாழ்க்கையில் ஒரு பயணம் உண்டு, அந்தப் பயணம் மீனின் மேல் நடக்கிறது. தாய் மட்டி வெளியிடும் லார்வா, மணல் துகள் அளவே இருக்கும். அது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொண்டு சில வாரங்கள் ஒட்டுண்ணியாக இருந்து, உருமாறி, பிறகு உதிர்ந்து படுகையில் விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. எந்த மீன் கிடைத்தாலும் போதாது. பல இனங்களுக்குக் குறிப்பிட்ட ஒன்றிரண்டு மீன்கள்தான் ஒத்துவரும். மற்ற மீன்களின் உடல் சில நாட்களில் லார்வாவை உதறிவிடும்.

மீனை வரவழைக்க மட்டிகள் செய்யும் தந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இவற்றை மந்தமான பிராணி என்று சொல்ல வாய் வராது. சிலவற்றின் சதைமடிப்பு, கண்ணும் வாலும் கொண்ட சின்ன மீன் போலவே நெளியும். கௌவ வரும் பெரிய மீனின் வாயில் லார்வாக்களைப் பீய்ச்சிவிடும். செயின்ட் க்ராயில் வாழும் ஸ்னஃப்பாக்ஸ் என்ற இனம் இன்னும் ஒரு படி மேலே போகும். பெண் மட்டி ஐந்து சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஓட்டின் ஒரு விளிம்பில் பற்கள் போன்ற கூர்முனைகள். அதே படுகையில் லாக்பெர்ச் என்ற மீன், உடலெங்கும் வரிகளோடு, மூக்கால் கூழாங்கற்களைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டு வரும். வாய் திறந்து கிடக்கும் மட்டியைக் கல் என்று நினைத்து முட்டியதும் ஓடு படீரென்று மூடிக்கொள்ளும். மீனின் தலை உள்ளே, வால் வெளியே. மீன் துள்ளும், விடாது. சில நிமிடங்கள் தலையைப் பிடித்துவைத்து, லார்வாக்களைச் செவுளுக்குள் செலுத்திவிட்டுத்தான் விடுவிக்கும். கல் புரட்டியே பழகிய லாக்பெர்ச்சின் மண்டை கெட்டியானது, அதனால் பிழைத்துப் போகும். மெலிந்த தலை கொண்ட வேறு மீன் அகப்பட்டால் செத்தே போகலாம். இந்த ஏற்பாடு உருவாக எத்தனை லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று தெரியாது. லாக்பெர்ச் இல்லாத ஆற்றில் ஸ்னஃப்பாக்ஸும் இல்லை என்பது மட்டும் உறுதி.

இனி உங்கள் படகுக்கு வருவோம். 1988-இல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் ஜீப்ரா மட்டி என்ற அயல் இனம் கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்தது. கப்பல்கள் எடை சமநிலைக்காக அடிவயிற்றில் நிரப்பிவரும் தண்ணீரில் வந்திருக்க வேண்டும். விரல் நுனி அளவுதான் இருக்கும். ஆனால் நார் போன்ற இழைகளால் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும், குறிப்பாக உள்ளூர் மட்டிகளின் மேல். ஒரே மட்டியின் மேல் நூற்றுக்கணக்கில் அப்பிக்கொண்டு, அது ஓட்டைத் திறக்கவும் மூடவும் முடியாதபடி, உணவும் கிடைக்காதபடி கொன்றுவிடும். செயின்ட் கிளேர் ஏரியின் திறந்த நீரில் உள்ளூர் மட்டிகள் சில ஆண்டுகளிலேயே கிட்டத்தட்ட இல்லாமல் போயின. கழிமுகத்தின் ஆழமற்ற ஒதுக்குகளில் சில கூட்டங்கள் தப்பின.

இந்த அயலானுக்கு மீன் தேவையில்லை. அதன் லார்வா தண்ணீரில் தானே மிதந்து பரவும். அதன் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கிறது. ஓடும் ஆற்றில் மிதப்பது கீழே மட்டுமே போகும். ஆகவே ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஜீப்ரா மட்டி நிலைபெற்றுவிட்டாலும், அது மேற்பகுதிக்குத் தானாக ஏறிப்போக வழி கிடையாது. படகின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ, படகுக்குள் தேங்கிய தண்ணீரிலோதான் மேலே போக முடியும். செயின்ட் க்ராயின் கீழ்ப்பகுதி, ஸ்டில்வாட்டருக்குத் தெற்கே, ஏரி போல அகன்று மெதுவாக ஓடுகிறது. அங்கே ஜீப்ரா மட்டி இருக்கிறது. மேலே சுமார் நாற்பது உள்ளூர் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் விங்ட் மேப்பிள்லீஃப் என்ற இனத்தை 1991-இல் அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்தபோது, உலகத்திலேயே அது எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட ஒரே இடம் இந்த ஆறுதான். உங்களைத் திருப்பிவிட்ட மணல்திட்டு இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. கீழிருந்து மேலே படகு போகக் கூடாது என்ற ஒரு விதி, ஆற்றின் ஓட்டத்தையே காவலாளி ஆக்கிவிடுகிறது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு தெளிவான காரணத்தோடு போடப்பட்ட தடையை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. ஆற்றை மூடவில்லை என்பதையும் கவனியுங்கள். மேற்பகுதியிலேயே இறக்கிய படகில் நீங்கள் தாராளமாகக் கீழே வரலாம். விதிக்கு ஓட்டை உண்டா என்றால் உண்டு. வண்டியில் கட்டிக்கொண்டுவரும் படகு வழியாக மேலேயுள்ள ஏரி ஒன்றில் ஜீப்ரா மட்டி நுழைந்துவிட்டால், அங்கிருந்து ஆறே அதைச் சுமந்துவரும். அதற்குப் படகைக் கழுவிக் காயவைக்கும் பழக்கம்தான் மருந்து, எல்லைக்கோடு இல்லை.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற யோசனை நன்றாக வேலை செய்யும் இன்னோர் எதிரி, மட்டியை வாரிக்கொண்டு போகும் மனிதர். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜான் போப்பிள் என்ற ஜெர்மானியப் பொத்தான் தொழிலாளி 1891-இல் அயோவாவின் மஸ்கடீன் ஊரில் மிசிசிப்பி மட்டி ஓடுகளை வெட்டிச் சட்டைப் பொத்தான் செய்யத் தொடங்கினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சிறிய ஊர் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேல் பொத்தான்கள் செய்தது. நீண்ட கம்பியில் வரிசையாகக் கொக்கிகளைத் தொங்கவிட்டுப் படகில் இழுத்துப் போவார்கள். கொக்கி உள்ளே நுழைந்ததும் மட்டி பயந்து ஓட்டை மூடிக்கொள்ளும், அதனாலேயே அகப்படும். சதையை வேகவைத்து எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் ஆலைக்கு அனுப்புவார்கள். திட்டுத் திட்டாக மட்டிகள் காலியானதைக் கண்டு அரசே மட்டி வளர்ப்புக்காக அயோவாவின் ஃபேர்போர்ட்டில் ஓர் உயிரியல் நிலையம் தொடங்கியது. பிளாஸ்டிக் பொத்தான் வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தது. அதன்பின் ஜப்பானின் முத்து வளர்ப்புக்காரர்கள் வந்தார்கள். வளர்ப்பு முத்தின் உட்கருவாக வைக்கும் உருண்டையை மிசிசிப்பி, டென்னசி ஆறுகளின் மட்டி ஓட்டில் கடைந்தார்கள். டென்னசி போன்ற மாநிலங்கள் சில ஆற்றுப் பகுதிகளில் மட்டி எடுப்பதை முழுவதுமாகத் தடைசெய்து மட்டிச் சரணாலயங்கள் ஆக்கின. எதிரி படகில் வந்து கொக்கி போடும் ஆளாக இருக்கும்வரை, இது சரியான மருந்து.

ஆனால் மட்டிகளைத் தீர்த்துக்கட்டிய பெரும் எதிரிகள் படகில் வரவில்லை. அலபாமாவில் டென்னசி ஆற்றின் மஸல் ஷோல்ஸ் பாறைப்பரப்பில் ஒரு காலத்தில் எழுபது இனங்கள் வரை வாழ்ந்தன. உலகிலேயே செறிவான மட்டித் திட்டுகளில் ஒன்று அது. 1924-இல் கட்டி முடித்த வில்சன் அணை அந்தப் பரப்பின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. ஆழமற்ற, வேகமாக ஓடும், பிராணவாயு நிறைந்த நீருக்குப் பழகிய இனங்களுக்கு நீர்த்தேக்கத்தின் சேற்றுத் தரை சாவுக்குச் சமம். அணைக்குக் கீழேயும் நிம்மதி இல்லை. தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடும் குளிர்ந்த நீரில் பல இனங்கள் இனப்பெருக்கம் செய்வதில்லை. செத்தும் போகாது, குட்டியும் போடாது.

இன்னும் நுணுக்கமான வழியிலும் அணை கொல்லும். 1913-இல் மிசிசிப்பியில் கியோகக் என்ற இடத்தில் ஓர் அணை கட்டினார்கள். பொத்தான்காரர்களுக்கு மிகப் பிடித்த ஓடு எபனி ஷெல் என்ற மட்டியுடையது. அதன் லார்வாவுக்கு வேண்டியது ஸ்கிப்ஜாக் ஹெரிங் என்ற வலசை மீன். அணைக்கு மேலே அந்த மீனால் போக முடியவில்லை. அணைக்கு மேலிருந்த எபனி ஷெல் கூட்டங்கள் உடனே சாகவில்லை, வயதாகிக்கொண்டே போயின. பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே கிடைத்தவை ஏறக்குறைய எல்லாமே கிழடுகள். உங்கள் செயின்ட் க்ராயிலும் இதே கதை இருக்கிறது. அந்த ஆறு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் பாதுகாக்கப்பட்ட எட்டு ஆறுகளில் ஒன்று. தேசியப் பூங்காத் துறையே நிர்வகிக்கிறது. ஆனாலும் அதன் குறுக்கே செயின்ட் க்ராய் ஃபால்ஸ் ஊரில் நூறாண்டுக்கு மேற்பட்ட மின்சார அணை நிற்கிறது. அந்த அணைக்கு மேலே ஸ்பெக்டகிள்கேஸ் என்ற மட்டி உண்டு. அதற்கு ஒத்த மீன் எது என்பதே நெடுங்காலம் புலப்படாமல் இருந்து, அண்மையில்தான் மூன்ஐ, கோல்டுஐ என்ற இரண்டு மீன்கள் என்று கண்டுபிடித்தார்கள். அணையைத் தாண்டி அவை மேலே வருவதில்லை. பாதுகாக்கப்பட்ட ஆற்றுக்குள், ஒருவரும் தொடாமல், ஒரு மட்டிக் கூட்டம் வாரிசில்லாமல் முதுமை அடைந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தில் எல்லைக்குள் இருக்கிறது, கணக்கெடுப்பில் எண்ணிக்கையும் இருக்கிறது. எதிர்காலம்தான் இல்லை.

தண்ணீரோடு வரும் ஆபத்துக்கு கிளிஞ்ச் ஆறு சாட்சி. வர்ஜீனியாவிலிருந்து டென்னசிக்கு ஓடும் இதில் இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. 1967-இல் ஒரு மின்நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து, காரம் மிகுந்த சேறு ஆற்றில் பாய்ந்து நெடுந்தொலைவுக்கு மீன்களைக் கொன்றது. 1970-இல் அதே பகுதியில் கந்தக அமிலம் கொட்டியது. 1998 ஆகஸ்டில் சிடார் பிளஃப் ஊரருகே ரப்பர் தொழிலுக்கான ரசாயனம் ஏற்றிவந்த டேங்கர் லாரி கவிழ்ந்து, ஏறத்தாழ 7,000 மட்டிகள் செத்தன. அழிவின் விளிம்பிலிருந்த இனங்களும் அவற்றில் உண்டு. மீன் என்றால் கிளையாற்றுக்குள் ஒதுங்கிப் பிழைக்கலாம், வெளியிலிருந்து திரும்பி வந்து குடியேறலாம். மட்டிக்கு அந்த வசதி இல்லை. நகராத உயிர் என்று நீங்கள் சொன்ன குணமே அதற்கு எமன்.

விபத்தைவிட அமைதியாகக் கொல்வது அம்மோனியா. உரமிட்ட வயல், கால்நடைப் பண்ணை, ஊர்ச் சாக்கடை எல்லாவற்றிலிருந்தும் வருவது. மீன்கள் தாங்கும் அளவை இளம் மட்டிகள் தாங்குவதில்லை. அவை முதல் சில ஆண்டுகள் படுகைக்குள் புதைந்தே வாழ்வதால் மேலே ஓடும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, மணலின் இடுக்குகளில் தேங்கும் நீரும் நன்றாக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்ததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் நன்னீருக்கான அம்மோனியா வரையறையை மட்டிகளைக் கணக்கில் எடுத்து இறுக்கியது. எந்தச் சரணாலயப் பலகையும் இல்லாமல் பல மாநிலங்களின் மட்டிகளுக்குப் பயன் தரக்கூடிய வேலை என்று நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பூங்கா எல்லையையும் அதற்கு வெளியே உள்ளதையும் சேர்த்துக் கையாண்ட நல்ல உதாரணம் கெண்டக்கியின் கிரீன் ஆறு. 1941-இல் நிறுவப்பட்ட மாமத் குகை தேசியப் பூங்காவுக்குள் அது ஓடுகிறது. குகையைப் பார்க்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு, அருகிலுள்ள ஆற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மட்டி இனங்கள் இருப்பது தெரியாது. பூங்காவுக்குக் கீழே பிரவுன்ஸ்வில் அருகில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகுப் போக்குவரத்துக்காகக் கட்டிய ஓர் அணை, போக்குவரத்து நின்றுபோன பிறகும் தண்ணீரைப் பூங்காவுக்குள் தேக்கிக்கொண்டே இருந்தது. மேலே 1969-இல் வந்த பெரிய அணை, தன் வசதிக்கேற்ப நீரைத் திறந்துவிட்டது. பூங்காவின் காவலர்கள் எத்தனை பேர் ரோந்து சுற்றினாலும் இந்த இரண்டையும் தடுக்க முடியாது. 2002-இல் ராணுவப் பொறியாளர் படையும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் பேசி, மேலணையின் திறப்பை ஆற்றின் இயல்பான போக்குக்கு நெருக்கமாக மாற்றின. 2017-இல் கீழணையை உடைத்தே எடுத்துவிட்டார்கள். தேங்கிய நீர் மீண்டும் ஓடத் தொடங்கியது. எல்லைக்கு வெளியே இரண்டு பக்கமும் செய்த வேலைதான் எல்லைக்குள் இருக்கும் ஆற்றை ஆறாக்கியது.

சட்டம் என்று பார்த்தால், 1973-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தில் ஓர் இனத்துக்கு இன்றியமையாத வாழிடம் என்று ஆற்றுப் பகுதிகளை அறிவிக்கும் வழி இருக்கிறது. டென்னசி, கம்பர்லாந்து ஆற்றுப் படுகைகளின் ஐந்து மட்டிகளுக்கு 2004-இல் அப்படி அறிவித்தார்கள். பலரும் இதைச் சரணாலயம் என்று நினைக்கிறார்கள். நான் புரிந்துகொண்டவரை, மத்திய அரசு தானே செய்யும், பணம் தரும், அனுமதி வழங்கும் வேலைகளை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. கரையிலுள்ள விவசாயி தன் நிலத்தில் செய்வதை அது தொடுவதில்லை. 2023 அக்டோபரில் அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து 21 இனங்களை அழிந்துவிட்டன என்று சொல்லி நீக்கினார்கள். அவற்றில் எட்டு மட்டிகள். சட்டம் தோற்றதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது நியாயமில்லை. அவற்றில் சில, சட்டம் பிறப்பதற்கு முன்பே கடைசியாகக் கண்ணில் பட்டவை.

இதுவரை எழுதியவற்றில் பெரும்பகுதி உறுதியானது. உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். 2016 முதல் கிளிஞ்ச் ஆற்றில் ஃபெசன்ட் ஷெல் என்ற மட்டி, கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கில் சாகத் தொடங்கியது. தண்ணீரில் விஷம் கண்டுபிடிக்கப்படவில்லை. 2020-இல் வெளியான ஆய்வு, நோயுற்றவற்றில் ஒரு டென்சோவைரஸ் அதிகம் காணப்படுவதைக் காட்டியது. வைரஸ்தான் கொன்றது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை, பலவீனப்பட்ட மட்டியில் அது பெருகியிருக்கவும் கூடும். இதைச் சொல்வதற்குக் காரணம், கிளிஞ்ச் நல்ல அக்கறையோடு பார்த்துக்கொள்ளப்படும் ஆறு. அக்கறை மட்டும் எல்லாவற்றுக்கும் கவசம் ஆகிவிடாது.

இன்னொரு சந்தேகம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பலனை அளப்பதில். பூங்காவுக்குள் மட்டி அதிகம், வெளியே குறைவு என்று அட்டவணை காட்டுவார்கள். ஆனால் மட்டி ஏற்கெனவே நன்றாக இருந்த இடத்தில்தானே பெரும்பாலும் கோடு போடுகிறோம்? கோட்டினால் மட்டி வந்ததா, மட்டியினால் கோடு வந்ததா என்பதை அந்த அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியாது. கோடு போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் நீண்டகாலம் எண்ணிய தரவு இருந்தால் சொல்லலாம். அப்படிப்பட்ட தரவு அரிது. குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுவதும் இதே நிலைதான். விஸ்கான்சினின் ஜெனோவா மீன் பண்ணை, ஹிக்கின்ஸ் ஐ என்ற மட்டியின் லார்வாக்களை மீனில் ஏற்றி, மீன்களைக் கூண்டில் வைத்து, உதிரும் குஞ்சுகளை வளர்க்கிறது. வளர்த்தவை ஆற்றில் பிழைத்திருப்பதைப் பார்க்க முடிகிறது. அவை தாங்களே பெருகி, யாரும் விடாமலே நிலைக்கும் கூட்டங்கள் ஆகுமா என்பது பதிற்றாண்டுகளில்தான் தெரியும். ஐம்பது ஆண்டு வாழக்கூடிய பிராணியிடம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அறிக்கையைக் கேட்க முடியாது.

அப்படியானால் ஒரு மட்டிப் பகுதி நன்றாக இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? எங்கள் வேலையில் அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைப் படுகையில் வைப்போம். முதலில் மேலே தெரிபவற்றை எடுப்போம். பிறகு அந்தச் சதுரத்துக்குள் கை முழங்கை வரை போகும் ஆழத்துக்கு மணலையும் கூழாங்கல்லையும் தோண்டி வாளியில் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து சல்லடையில் அலசுவோம். மேலே எடுத்தவை உள்ளங்கையை நிறைக்கும், ஓட்டின் மூக்கு அரிக்கப்பட்டு வெளுத்திருக்கும். சல்லடையில் மிஞ்சுவதைக் கூழாங்கல், சுள்ளி, பூச்சிக்கூடு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வரும்போது, விரல் நகத்தைவிடச் சிறியதாக, மஞ்சள் பச்சை நிறத்தில், வெயிலில் பிடித்தால் உள்ளே தெரியும் அளவு மெல்லிய ஓட்டோடு ஒரு குஞ்சு கிடைத்தால் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மேலே நூறு கிழடுகள் இருந்து சல்லடை காலியாக வந்தால், அந்த இடம் மிகப் புகழ்பெற்ற பூங்காவுக்குள் இருந்தாலும் நான் அதை நல்ல இடம் என்று எழுத மாட்டேன். மேலே பத்தே இருந்தாலும் சல்லடையில் பல வயதுக் குஞ்சுகள் கிடைத்தால், பலகை எதுவும் இல்லாத இடமானாலும் அதைக் காப்பாற்றுங்கள் என்பேன். ஆற்றோரம் கண்டெடுத்த ஓட்டை ஊருக்கு எடுத்துவரலாமா என்று இடையில் கேட்டிருந்தீர்கள், வேண்டாம். தேசியப் பூங்காத் துறையின் இடங்களிலிருந்து இயற்கைப் பொருள் எதையும் எடுக்கக் கூடாது. அது பட்டியலில் உள்ள இனமாக இருந்தால் வெற்று ஓட்டை வைத்திருப்பதும் சட்டச் சிக்கல்.

நம் ஊர் பற்றி. இந்திய ஆறுகளிலும் குளங்களிலும் லாமெல்லிடென்ஸ், பாரேசியா என்ற பேரினங்களின் மட்டிகள் பரவலாக உண்டு. புவனேசுவரத்தின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முத்து வளர்க்கப் பயன்படுத்துவது இவற்றைத்தான். இவற்றின் லார்வாக்களுக்கும் மீன் வேண்டும். கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் பாறையோடு பாறையாக ஒட்டி வாழும் சூடோமுல்லேரியா டாலி என்ற அரிய இனம் இருக்கிறது. அதன் உறவினர்கள் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும்தான் உண்டு. நம் சரணாலயங்கள் யானையையும் புலியையும் நினைத்து வரையப்பட்டவை, ஆறு அவற்றுக்குள் தற்செயலாக ஓடுகிறது. 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம் 1987 முதல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து காவிரியின் அருமையான ஒரு பகுதிக்குக் காவல். ஆனால் அந்தப் பகுதிக்கு மேலே கிருஷ்ணராஜ சாகர், கீழே மேட்டூர். கிரீன் ஆற்றின் படம் அப்படியே பொருந்துகிறது. காவலுக்குள் மணல் அள்ளுவது நின்றால் அதுவே மட்டிக்குப் பெரிய லாபம், ஏனென்றால் மணலோடு மட்டியும் அதன் குஞ்சும் சேர்ந்தே லாரி ஏறுகின்றன. இந்த அளவுக்குக் கோடு பயன்படும். அதற்கு மேல் என்ன தேவை என்று சொல்ல, மேலணையிலிருந்து வரும் நீரின் நேரமும் அளவும் என்ன, எந்த உள்ளூர் மீன் லார்வாவைச் சுமக்கிறது, அந்த மீன் இப்போது அங்கே இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் பகுதிக் கல்லூரியில் விலங்கியல் துறை மாணவர்கள் யாராவது ஆர்வம் காட்டினால், வனத்துறையிடம் முன் அனுமதி வாங்கிக்கொண்டு, தண்ணீர் வடிந்திருக்கும் கோடை மாதங்களில் ஒரு சதுரச் சட்டமும் சல்லடையும் எடுத்துக்கொண்டு ஒகேனக்கலுக்கு மேலே தொடங்கச் சொல்லுங்கள். எடுத்த மட்டியை அளந்ததும் அதே இடத்தில், துளைகள் இருக்கும் பக்கம் மேலே வரும்படி திரும்பப் புதைத்துவிட வேண்டும்.